சித்தன்னவாசல் தூணில் ஆடும் பெண்

சென்ற மாதம் என் தங்கை பாரீஸ் பக்கத்துச் சார்செலிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி, அங்கே கிடைக்கும் முருங்கைக்காயின் விலை என்று போய்க்கொண்டிருந்த பேச்சின் நடுவே, "அண்ணா, அந்தப் பொண்ணோட கை இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். எந்தப் பெண், எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு பேரனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

அவள் கேட்டது சித்தன்னவாசல் குகைக் கோயில் தூணில் எழுதப்பட்ட நாட்டியப் பெண்ணைப் பற்றி. அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துத் தள்ளிப் போட்டு வந்தேன். எழுதினால் நம் ஊர்ப் பெருமை ஒன்றைக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டி வரும் என்பது ஒரு காரணம். என் வீட்டுக் கதையும் இடையில் வரும் என்பது இன்னொன்று.

முதலில் ஊர்ப் பெருமை. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்களுக்குச் சரித்திரம் என்றால் பதினாலாம் லூயியும் நெப்போலியனும்தான். நம் மூதாதையர் கோல்வாசிகள் என்று மனப்பாடம் செய்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை நாங்கள். மகேந்திரவர்மன் பெயரை நான் பள்ளியில் கேட்டது ஒரே ஒரு தடவை. சரித்திரம் நடத்திய முசே ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு, இந்த ஊரில் பாடம் நடத்திய பிரெஞ்சுப் பேராசிரியர் ஒருவர்தான் புதுக்கோட்டைச் சீமையில் பல்லவர் ஓவியத்தைக் கண்டுபிடித்தார் என்றார். பேராசிரியர் பெயர் கப்ரியேல் ழுவோ துப்ராய். தமிழில் ஜூவோ துப்ரேய், துப்ரயில், துப்ரெய்ல் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். நான் துப்ராய் என்றே எழுதுகிறேன்.

துப்ராய் 1909-ல் புதுச்சேரிக்கு வந்தார். அப்போது கொலேழ் கொலோனியால் என்று பெயர் இருந்த கல்லூரியில் விஞ்ஞானம் நடத்தினார். விஞ்ஞான ஆசிரியருக்குக் கோயில் கோபுரத்தில் என்ன வேலை என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருப்பார்கள். அவர் ஊர் ஊராகப் போய்த் தூண்களை அளந்தார். போதிகையில் என்ன மாறியது, கூட்டின் வளைவு எந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தினார். தென்னிந்தியக் கோயிலின் வயதைக் கல்வெட்டே இல்லாமல் அதன் உறுப்புகளைப் பார்த்துச் சொல்ல முடியும் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1914-ல் அது இரண்டு பாகமாகப் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது. நம் அரிக்கமேட்டின் பழமையை முதலில் உணர்ந்தவர்களிலும் அவர் ஒருவர். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் ஓவியம் இருப்பதை 1931-ல் கண்டு சொன்னவரும் அவர்தான். ஆகையால் பெருமை பொய்யில்லை.

ஆனால் சித்தன்னவாசல் விஷயத்தில் முசே எங்களுக்குச் சொன்னது பாதிதான். அங்கே ஓவியம் இருப்பதை முதலில் கவனித்து துப்ராய்க்குத் தெரிவித்தவர் து. அ. கோபிநாத ராவ். திருவாங்கூர் சமஸ்தானத்தின் தொல்லியல் துறையை நடத்தியவர். இந்து விக்கிரகக் கலையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். அவர் 1919-ல் காலமாகிவிட்டார். துப்ராய் நேரில் போய்ப் பார்த்து 1920-ல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். உலகத்துக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். உயிரோடு இருந்து அச்சிட்டவர் பெயர் நிற்கும், போய்ச் சேர்ந்தவர் பெயர் அடிக்குறிப்புக்குப் போகும். முப்பத்தாறு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் நான். குறிப்பு எழுதியவன் ஒருவன், கையெழுத்துப் போட்டவன் ஒருவன் என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் துப்ராய் மேல் குற்றமில்லை. நாங்கள்தான் கேட்டதைக் கேட்டபடி அறுபது வருஷம் சொல்லித் திரிந்தோம். அந்த மலையடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்களுக்கு மேலே பூவும் மீனும் எழுதியிருப்பது தெரியாமலா இருந்திருக்கும்? அதையும் சொல்ல வேண்டும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசல் போகும் வழியில். பொட்டல் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் பாறைக் குன்று. கிழக்குப் பக்கம் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகை. அங்கே சமண முனிவர்கள் படுத்த 17 கல் படுக்கைகள், தலையணை மாதிரி ஒரு மேட்டோடு, வழவழவென்று இருக்கின்றன. ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. இரண்டாயிரம் வருஷப் பழமை. குன்றின் மேற்குப் பக்கம், கீழேயே, குடைந்தெடுத்த சின்னக் கோயில். அதற்கு அறிவர் கோயில் என்று பெயர். நம்மைப் போன்ற வயதானவர்கள் பயப்பட வேண்டாம், இதற்கு ஏற வேண்டிய படி கொஞ்சம்தான். ஏழடிப்பட்டத்துக்குத்தான் மூச்சு வாங்கும்.

கோயில் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஒரு நீள மண்டபம், உள்ளே ஒரு சதுர அறை. அறையில் நின்று ஓங்காரம் போல் முனகினால் சுவர் நாலும் திருப்பி முனகும். பேரன் அதைத்தான் பத்துத் தடவை செய்தான். வெளியே தூண் வைத்துக் கட்டிய தாழ்வாரம் பழையதல்ல. பழைய முகமண்டபம் இடிந்து போனபின், போன நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானத்தார் குடுமியான்மலைப் பக்கமிருந்து தூண் கொண்டுவந்து நிறுத்தினது.

ஒரு காலத்தில் கோயில் முழுவதும் வண்ணமாக இருந்திருக்கிறது. கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது எல்லாம் போய்விட்டது. மிஞ்சியது விதானத்திலும் உத்திரத்திலும் தூண்களின் தலைமாட்டிலும்தான். மண்டபத்து விதானத்தில் ஒரு தாமரைக் குளம். பச்சை இலை அடர்ந்து கிடக்க, நடுவே மொட்டும் மலருமாக வெள்ளையும் சிவப்புமான தாமரை. மீன் துள்ளுகிறது. அன்னம் நீந்துகிறது. யானையும் எருமையும் தண்ணீரில் இறங்கி நிற்கின்றன. மூன்று ஆண்கள் பூப்பறிக்கிறார்கள். ஒருவர் கையில் பூக்குடலை தொங்குகிறது. இன்னொருவர் தண்டோடு பறித்த பூவைத் தோளில் சாத்தியிருக்கிறார். குளத்தைப் பக்கவாட்டிலும் பார்க்கிறோம், மேலிருந்தும் பார்க்கிறோம். எருமையின் முகத்தை எழுதியவன் எருமையோடு பழகியவன், சந்தேகமே இல்லை.

அந்தக் குளத்துக்குக் கீழே, உள்ளே நுழையும் வழியின் இரு பக்கமும், தூணுக்கு ஒருத்தியாக இரண்டு நடனப் பெண்கள். ஒருத்தியின் இடக்கை யானைத் துதிக்கை போல மார்புக்குக் குறுக்கே வீசி நீண்டிருக்கிறது. தில்லைக் கூத்தனின் வீசிய கரம் இருக்கிறதே, அதே கை. கஜஹஸ்தம் என்றும் தண்டஹஸ்தம் என்றும் சொல்வார்கள். கொண்டையில் பூவும் மணியும். இடை ஒரு பக்கம் ஒசிந்திருக்கிறது. முழு உடம்பும் ஒரே கோட்டில் ஓடுகிறது. செங்காவி கோட்டால் முதலில் வரைந்து, உள்ளே வண்ணம் நிரப்பி, பிறகு மறுபடியும் கோட்டை அழுத்தியிருக்கிறார்கள். வண்ணம் உதிர்ந்த இடத்திலும் கோடு நிற்பதால்தான் அவள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

வண்ணங்கள் எல்லாம் மண்ணும் கல்லும்தான். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிக்கல், பச்சைக்குப் பச்சை மண். பாறை மேல் மணல் கலந்த சுண்ணாம்புச் சாந்து ஒரு பூச்சு, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பு ஒரு பூச்சு, அதன் மேல் ஓவியம். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த வேதியியல் அறிஞர் ச. பரமசிவன் இதையெல்லாம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இப்போது வயது வழக்குக்கு வருகிறேன். துப்ராய் இதை மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டு என்று சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குகையின் அமைப்பு மாமண்டூர் முதலான மகேந்திரன் குகைகளைப் போல இருக்கிறது. மகேந்திரன் முதலில் சமணன், அப்பர் பெருமானால் சைவனானவன் என்பது நம் பெரியபுராண மரபு. சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்டவன். சமணனாக இருந்தபோது சமணக் கோயில் குடைந்து, தானே ஓவியப் பிரியனாகையால் வண்ணமும் தீட்டுவித்தான் என்றால் எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. எல்லாம் இவ்வளவு அழகாகப் பொருந்தும் கோப்பைத்தான் இன்னொரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பழைய சூப்பிரண்டு ஒருவர் சொல்வார்.

குகைக்கு வெளியே, தென்பக்கப் பாறையில், செய்யுளாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் அறிவர் கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் முகமண்டபமும் எடுத்தார் என்று அது சொல்கிறது. அரசன் அவனிபசேகரன் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன். ஆக ஒன்பதாம் நூற்றாண்டு. 1942 வாக்கில் பரமசிவன் ஓவியங்களைச் சுத்தம் செய்தபோது, மேலே ஒரு பூச்சு, அடியில் அதற்கும் பழைய பூச்சு ஒன்று என்று இரண்டு அடுக்கு தெரிந்தது. கருவறை விதானத்தில் கம்பளம் விரித்தது போன்ற கோலம் இருக்கிறதே, அங்கேதான் இந்த இரட்டைப் பூச்சு பேசப்படுகிறது. எனவே குகை முந்தியது, நாம் பார்க்கும் தாமரைக் குளமும் ஆடும் பெண்ணும் இளங்கௌதமன் காலத்துப் பாண்டிய வேலை என்று பெரும்பாலான அறிஞர்கள் இப்போது கொள்கிறார்கள். தூண் ஒன்றின் இன்னொரு பக்கம் மகுடம் தரித்த ஒருவரும் பக்கத்தில் ஒரு பெண்ணும் தெரிவார்கள். முன்பு அவரை மகேந்திரன் என்றார்கள். இப்போது ஸ்ரீவல்லபன் என்கிறார்கள். அவர் முகம் மாறவில்லை, பெயர்ப்பலகை மாறியிருக்கிறது.

சரி, துறவிகள் தங்கிய மலையில் ஆடும் பெண்ணுக்கு என்ன வேலை? இதுதான் என்னை ரொம்ப நாள் குடைந்த கேள்வி. முதல் தடவை பார்த்தபோது, கலைஞன் ஆசைக்கு வரைந்துவிட்டான் போல என்றுதான் நினைத்தேன். பிறகு ஓய்வு பெற்றபின் சமண நூல்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தபோது புரிந்தது.

தீர்த்தங்கரர் ஞானம் பெற்று முதல் உபதேசம் செய்ய, தேவர்கள் கட்டித் தரும் மண்டபத்துக்குச் சமவசரணம் என்று பெயர். நடுவில் அவர் வீற்றிருக்க, சுற்றிலும் வட்டம் வட்டமாக நிலங்கள். ஒன்றில் நீர் நிறைந்த தாமரை அகழி. அதற்குக் காதிகா பூமி என்று பெயர். ஒன்றில் கொடிகள், ஒன்றில் சோலைகள். உபதேசம் கேட்க வருகிற நல்லோர், பவ்வியர் என்று பெயர், வழியில் அந்தக் குளத்தில் இறங்கிப் பூப்பறித்து மகிழ்வார்கள். மனிதரோடு மிருகமும் பறவையும் வரும். அங்கே ஒன்றுக்கொன்று பகை கிடையாது. விதானத்துக் குளத்தில் யானையும் எருமையும் மீனும் மனிதரும் ஒன்றாக இருப்பது அதனால்தான் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். அந்தச் சமவசரண வர்ணனையில் வாயில்களை அடுத்து நாட்டியசாலைகளும் உண்டு. தேவமகளிர் அங்கே ஆடுவார்கள். அப்படிப் பார்த்தால் குளமும் ஆட்டமும் தனித்தனிச் சித்திரம் இல்லை. தீர்த்தங்கரரைப் பார்க்கப் போகிற வழி அது. நாம் வாசலில் நுழையும்போது ஆடுகிறவளைக் கடந்து, குளத்துக்குக் கீழே நடந்து, உள்ளே உட்கார்ந்திருக்கும் அறிவரிடம் போய்ச் சேருகிறோம்.

இன்னொரு சமணக் கதையும் உண்டு. முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் அரசராக இருந்த காலம். இந்திரன் நீலாஞ்சனை என்ற தேவமங்கையை அவர் சபையில் ஆட அனுப்பினான். அவளுக்கு ஆயுள் முடியும் நேரம். ஆடிக்கொண்டிருந்தபடியே மறைந்து போனாள். இந்திரன் தாளம் தப்பாமல் அதே சாயலில் இன்னொருத்தியை நிறுத்திவிட்டான். சபையில் யாருக்கும் தெரியவில்லை. ரிஷபர் ஒருவர் மட்டும் பார்த்துவிட்டார். அன்றே அரசைத் துறந்தார். சித்தன்னவாசல் தூணில் இருப்பவள் நீலாஞ்சனை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் நடனத்தைப் பாவம் என்று ஒதுக்கிய மதம் அல்ல அது என்பதற்கு இந்தக் கதை போதும். சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறுவதை அத்தனை நுணுக்கமாக எழுதிய இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்றுதானே நம் மரபு சொல்கிறது.

இனி என் வீட்டுக் கதை.

நம் ஊர் வயதானவர்களுக்குப் பயதேர் என்ற சொல் ஞாபகம் இருக்கும். நாட்டியப் பெண்ணுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. 1838-ல் நம் பக்கத்துத் திருவேந்திபுரத்துத் தேவதாசிகள் சிலர் பாரீசுக்குப் போய் ஆடினார்கள். அவர்களில் அமனி என்ற இளம்பெண்ணைப் பார்த்து ஊரே சொக்கிப் போனது. பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார். பாரீசில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மவுசு. புதுச்சேரியில் அதே சொல்லைச் சொன்னால் வசவு.

என் தங்கை பத்து வயதில் பரதம் கற்கத் தொடங்கினாள். அம்மாவின் ஆசை அது. நன்றாக ஆடுவாள் என்று ஆசிரியையே வீட்டுக்கு வந்து சொன்னார். பதினாலு வயதில் அரங்கேற்றம் பற்றிப் பேச்சு வந்தபோது அப்பா நிறுத்திவிட்டார். "நம்ம வீட்டுப் பொண்ணு பயதேரா?" என்று ஒரே கேள்வி. சலங்கையை அம்மா துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் சேக்காளிகள் என்ன சொல்வார்கள் என்ற நினைப்புத்தான் எனக்கும் இருந்தது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் வேலையில் சேர்ந்த பின், 1973-ல் என்று நினைக்கிறேன், எல்லோரும் மதுரைக்குப் போனோம். வழியில் புதுக்கோட்டையில் இறங்கி சித்தன்னவாசல் பார்ப்போம் என்றது நான்தான். துப்ராய் கண்டுபிடித்த இடம் என்று அப்பாவிடம் சொன்னதும் சம்மதித்தார். பிரெஞ்சுப் பேராசிரியர் என்றால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. உள்ளே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. காவலாளி ஒரு குச்சியால் தாமரையைக் காட்டினார், மீனைக் காட்டினார், பிறகு தூணைக் காட்டினார். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் தங்கை இடக்கையை அப்படியே வீசி நிற்கிறாள். இடுப்பும் கழுத்தும் சரியாக மேலே இருப்பவளைப் போல. ஆறு வருஷம் சலங்கை கட்டாதவள். அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய்த் தாழ்வாரத்தில் வெகு நேரம் நின்றார். பஸ்ஸில் என்னிடம், "அந்தப் படத்துக்கு என்ன வயசு இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். துப்ராய் கணக்குப்படி ஆயிரத்து முந்நூறு என்று சொன்னேன். இருநூறு வருஷம் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அதைத் திருத்திச் சொல்ல அப்பா இல்லை.

தங்கைக்கு அடுத்த வருஷம் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை சொல்தா. பிரான்சுக்குப் போய்விட்டாள். அங்கே அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டுக் கூடத்திலேயே அடவு சொல்லிக் கொடுத்தாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். பரணில் இருந்த சலங்கையை அவள் எப்போது எடுத்துப் போனாள் என்பது அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன் போனபோது எனக்கு ஒரு பயம் இருந்தது. 1973-ல் பார்த்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் தெரிந்தது. குளத்தின் பச்சை மங்கியிருக்கிறது. இன்னொரு தூணில் இருப்பவளை அங்கங்கே ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். என் கண்ணும் ஐம்பது வருஷம் மூத்துவிட்டது, அதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வீசிய கை, தோளிலிருந்து விரல் நுனி வரை, கோடாக அப்படியே இருந்தது. பேரனைத் தூணுக்குக் கீழே நிறுத்தி, அத்தைப் பாட்டி இங்கேதான் நின்றாள் என்று காட்டினேன். அவன் உள்ளே போய் மறுபடியும் முனகிப் பார்த்தான்.

போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். கோயில் மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து தாழ்வாரத்துக்குள் விழும்போதுதான் விதானம் கண்ணுக்குத் தெளியும். ஒரு ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்து, வெளிக்கூச்சம் அடங்கிய பிறகு அண்ணாந்து பாருங்கள். முதலில் தாமரைதான் தெரியும். அப்புறம் எருமை. அவள் கடைசியில்தான் தெரிவாள்.